65536 என்ற எண்: ஒரு ஸ்டூடியோவின் 9 வருடப் படங்கள் திரும்பி வந்த கதை

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். கும்பகோணத்தில் ஸ்டூடியோ நடத்தும் அண்ணன் ஒருவர், துண்டில் சுற்றிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக் கூடு, முன்னால் ஒரு சின்ன விளக்கு, பின்னால் நெட்வொர்க் வயருக்கும் மின்சாரத்துக்கும் ஒவ்வொரு துளை. அவ்வளவுதான் பெட்டி. உள்ளே 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஸ்டூடியோவில் இருந்த மூன்று கணினிகளும் இந்தப் பெட்டியில்தான் எல்லாப் படங்களையும் போட்டு எடுத்துக்கொண்டிருந்தன.

"தம்பி, இதுல 9 வருஷக் கல்யாணம் இருக்கு. அப்பா எடுத்த பழைய நெகட்டிவ் எல்லாம் ஸ்கேன் பண்ணதும் இதுலதான். ஆவணியில எடுத்த மூணு கல்யாணத்துக்கு இன்னும் ஆல்பமே கொடுக்கல" என்றார். கேமரா கார்டுகளை அழித்து அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் போயாகிவிட்டது. வேறு நகல் எங்கேயும் இல்லை.

இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன்னால், கடைசியாக நன்றாக வேலை செய்த நாளிலிருந்து இன்றுவரை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வேன். அன்று எழுதியது இது. திங்கள்கிழமை இரவு இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. செவ்வாய் காலை நெட்வொர்க் ஃபோல்டர் திறக்கவில்லை. பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் எந்தக் கணினிக்கும் பெட்டி கண்ணில் படவில்லை. ஐந்தாறு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். புதன்கிழமை பக்கத்துக் கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி டாக்கில் வைத்து விண்டோஸில் செருகினார். ஃபார்மட் செய்யட்டுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் திரையில் வந்தன. அண்ணனின் மகன் எல்லாவற்றுக்கும் 'கேன்சல்' அழுத்தியிருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்புப் பையன். அவன் அழுத்திய அந்த கேன்சலால்தான் இந்தக் கட்டுரையை எழுத முடிகிறது.

விண்டோஸ் அப்படிக் கேட்டதற்கும் டிஸ்க் கெட்டதற்கும் சம்பந்தமில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். டிஸ்க்கை அதற்குரிய எக்ஸ்டி3, எக்ஸ்டி4 வடிவத்தில்தான் அது பிரித்து வைத்திருக்கும். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாததை வெறுமை என்று நினைத்துக்கொண்டு ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைச் செருகினாலும் அப்படித்தான் கேட்கும்.

காதும் மல்டிமீட்டரும்

பெட்டி வேலை செய்யவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். மின்சாரம் தரும் அடாப்டர், பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை, ஹார்ட் டிஸ்க். இதில் முதலாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. 12 வோல்ட் அடாப்டர் பழசாகும்போது, சும்மா வைத்து அளந்தால் 12 காட்டும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் அதிக கரண்ட் தேவைப்படும், அப்போது படுத்துவிடும். டிஸ்க் சுழல முயன்று நின்று, முயன்று நின்று, கெட்டதுபோலவே சத்தம் கொடுக்கும். அதனால் முதலில் அடாப்டரை மாற்றிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. பழைய அடாப்டர் நன்றாகவே இருந்தது.

அடுத்து டிஸ்க்கை மட்டும் தனியாக, டேட்டா வயர் செருகாமல், மின்சாரம் மட்டும் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டேன். மெல்ல ஒரு 'ஊ' என்று எழும்பி, சீராகச் சுழன்று, படிக்கும் தலை இறங்கும் 'டிக்' ஒன்று. அப்புறம் அமைதி. இந்த அமைதிக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டக், டக், டக் என்று சுவர்க்கடிகாரம்போல் ஒரே சீரில் அடித்திருந்தால், அங்கேயே மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க்கை அப்படியே கவரில் போட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் பெரிய லேபுக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். டிஸ்க்கின் தட்டுக்கு மேல் படிக்கும் தலை பறக்கும் உயரம் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. தலை அடிபட்டு உரசுகிறது என்றால், ஒவ்வொரு நொடியும் தட்டின் மேல்பூச்சு சுரண்டப்படுகிறது. பூச்சோடு படமும் போகிறது. அந்த நிலையில் மேஜையில் வைத்து எந்த மென்பொருளை ஓட்டினாலும் அது சுரண்டலுக்குத் துணை போவதுதான்.

பக்கத்துக் கடைக்காரர் இரண்டு யோசனைகள் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, டிஸ்க்கை ஃப்ரீசரில் ஓர் இரவு வைப்பது. வேண்டவே வேண்டாம். குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்ததும் ஈரம் படியும், அதுவும் நம் ஊர் மழைக்காலத்தில். இன்னொன்று, அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அடியில் இருக்கும் பச்சைப் பலகையை மாற்றிப் போடுவது. பழைய காலத்து டிஸ்க்குகளில் இது நடந்திருக்கிறது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தப் பலகையின் சின்ன மெமரி சிப் ஒன்றில், அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கின் தலைகளுக்கான அளவுகள் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் டிஸ்க்குக்குத் தன் தலையையே அடையாளம் தெரியாது. நம் டிஸ்க் சீராகச் சுழன்றது, பலகையில் கோளாறு இல்லை. எனவே தொடவில்லை.

யுஎஸ்பி டாக்கை ஒதுக்கிவிட்டு, என் மேஜைக் கணினியின் சாட்டா துளையில் நேராகச் செருகினேன். படிக்க முடியாத இடம் வரும்போது பல யுஎஸ்பி டாக்குகள் திணறி இணைப்பையே துண்டித்துவிடும். லினக்ஸ் பென்டிரைவில் கணினியைக் கிளப்பி, புதிய டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் வசதியை முதலிலேயே அணைத்துவைத்தேன்.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டை ஸ்மார்ட்சிடிஎல் மூலம் படித்தேன். ஓடிய நேரம் 71,000 மணிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 8 வருடம் இரவு பகலாக. 5-ஆம் எண் வரியில், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க் எழுதிப் படிக்கும் மிகச் சிறிய துண்டுகள்) 40. 197-ஆம் எண் வரிதான் கவலை. படிக்க முடியாமல் முடிவெடுக்கக் காத்திருக்கும் செக்டார்கள் 264. வயர் கோளாறைக் காட்டும் 199-ஆம் எண் வரியில் பூஜ்யம்.

ஆக, டிஸ்க் சாகவில்லை, சாகத் தொடங்கியிருக்கிறது. படங்கள் உள்ளேதான் இருக்கின்றன. இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மணி நேரங்களை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் நகல்

படங்களை உடனே திறந்து பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். அண்ணனுக்கும் துடித்தது. "அந்த மூணு கல்யாணத்த மட்டுமாவது எடுத்துட முடியாதா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறப்பதென்றால் தலை தட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். அட்டவணையைப் படிக்க ஓர் இடம், பெயர்களுக்கு ஓர் இடம், படத்துக்கு வேறு இடம். நடுவில் ஒரு கெட்ட செக்டார் மாட்டினால், அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று அங்கேயே நிற்கும். பலவீனமான டிஸ்க்கை இதைவிடக் கொடுமைப்படுத்த முடியாது. முதல் செக்டாரிலிருந்து கடைசிவரை, என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுப்பதுதான் அதற்கு இதமானது. ஒரே ஒரு முறை ஓடினால் போதும். அப்புறம் எந்தச் சோதனையானாலும் நகலில்.

அதற்கு நான் பயன்படுத்துவது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. இலவச மென்பொருள். சாதாரண நகல் கருவி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது தாண்டிக் குதித்துப் போய், நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளும். எந்த இடத்தைப் படித்தாயிற்று, எதைத் தாண்டியாயிற்று என்று ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அப்புறம் தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களை நறுக்கும், கடைசியாக ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டிப் பார்க்கும்.

புதிதாக 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். மேப் கோப்பைத் தனியாக ஒரு பென்டிரைவில் வைத்தேன். பழைய டிஸ்க்கை எழுத முடியாதபடி பூட்டி, அதன்மேல் ஒரு சின்ன மேஜை விசிறியைத் திருப்பிவைத்து, மாலை 6 மணிக்கு ஆரம்பித்தோம். முதல் சுற்றில் சுரண்டும் வேலை கூடாது என்று சொல்லிவிட்டேன்.

தொடக்கத்தில் நொடிக்கு 110 எம்பி. உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும், அது எல்லா டிஸ்க்குக்கும் இயல்பு. 38 சதவீதத்தில் திடீரென்று சில கேபிக்கு இறங்கியது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். தாண்டியது. மறுபடி 90. அந்த இடத்தில் இன்னும் நாலைந்து முறை தடுமாறி, பிறகு ஒரே ஓட்டம். இரவு 3 மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது, கரண்ட் அதற்குள் வரவில்லை. நானே நிறுத்தி, முறையாக அணைத்துவிட்டேன். காலை 5 மணிக்கு அதே கட்டளையை அதே மேப் கோப்போடு மறுபடி கொடுத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேப் கோப்பு இல்லாமல் நகல் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

முதல் சுற்று முடிந்தபோது 2 டிபியில் படிக்காமல் விட்டது 214 எம்பி. அடுத்த இரண்டு இரவுகள் நறுக்கலும் சுரண்டலும். பின்னாலிருந்து முன்னால் வரும்படி ஒரு சுற்று விட்டேன். முன்னாலிருந்து நெருங்கினால் கிடைக்காத செக்டார் சில சமயம் பின்னாலிருந்து நெருங்கினால் கிடைக்கும். கடைசியில் மீதி நின்றது 1.3 எம்பி. அதற்கு மேல் அந்த டிஸ்க்கை வருத்த மனமில்லை. கழற்றி, தேதி எழுதி, கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அதன்பிறகு அதற்கு மின்சாரம் கொடுக்கவே இல்லை.

நகல் திறக்க மறுத்தது

நகலில் நான்கு பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பாகங்கள், தெரிந்தன. 2 ஜிபி அளவில் ஒன்றுக்கொன்று ரெய்டு கண்ணாடியாக (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும்) இரண்டு, பெட்டியின் லினக்ஸ் இருக்கும் இடம். அரை ஜிபி ஸ்வாப், நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம். மீதி எல்லாம் நான்காவது, படங்கள் இருப்பது அங்கே.

பெட்டி ஏன் கிளம்பவில்லை என்பதற்கு விடை முதல் இரண்டிலேயே கிடைத்தது. இரண்டாவது நகல் எப்போதோ கண்ணாடியிலிருந்து கழன்றுவிட்டிருக்கிறது. ரெய்டைப் பார்க்கும் எம்டிஏடிஎம் கருவி காட்டிய நிகழ்வு எண் (மாற்றம் நடக்க நடக்கக் கூடும் எண்) முதலாவதைவிட வெகுவாகப் பின்தங்கி இருந்தது. இத்தனை நாள் முதல் நகல் மட்டும்தான் வண்டியை இழுத்திருக்கிறது. திங்கள் இரவுக்குப் பிறகு அதிலும் சில செக்டார்கள் படிக்கவில்லை, பெட்டி பாதியில் நின்றுவிட்டது. ஒரே தட்டில் இரண்டு நகல் வைத்துக் கண்ணாடி என்று சொல்வதில் எனக்கு எப்போதுமே உடன்பாடு இல்லை. தட்டு போனால் இரண்டும் போகும்.

நான்காவது பார்ட்டிஷனை, எழுதக் கூடாது, ஜர்னலையும் (முடியாமல் நின்ற எழுத்து வேலைகளின் குறிப்பு) ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு திறக்கச் சொன்னேன். முடியாது என்றது. கோப்பு முறை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) தவறு என்ற வழக்கமான செய்தி. பலர் இந்தச் செய்தியைக் கண்டதும் கோப்பு முறை சிதைந்துவிட்டது என்று முடிவுகட்டி, எஃப்எஸ்சிகே ஓட்டிவிடுவார்கள். அது பழுதுபார்க்கும் கருவி, பழுது என்று தான் நினைப்பதை எழுதி மாற்றும். நகல் இல்லாமல் மூல டிஸ்க்கிலேயே ஓட்டினால் திரும்பி வர வழி கிடையாது. வேறு சிலர் ஃபோட்டோரெக்குக்குப் போவார்கள். அது அருமையான கருவிதான். ஆனால் கோப்பு முறையையே பார்க்காமல், ஜேபிஜி எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும். பெயர் வராது, ஃபோல்டர் வராது. இரண்டரை லட்சம் படங்கள் ஒரே குவியலாக வந்து விழுந்தால், எந்தத் தாலி எந்தக் கல்யாணத்துத் தாலி என்று யார் பிரிப்பது?

அதனால் முதலில் லினக்ஸின் உட்கருவான கெர்னல் என்ன முணுமுணுக்கிறது என்று அதன் பதிவைப் பார்த்தேன். ஒரே வரி. பிளாக் அளவு சரியில்லை, 65536.

அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் லேசானது. கோப்பு முறை சிதைந்திருந்தால் இவ்வளவு தெளிவான எண் வராது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் நேராகவே பார்த்தேன். எக்ஸ்டி4-இன் தலைப்புப் பகுதி பார்ட்டிஷன் தொடங்கி 1024-ஆவது பைட்டில் இருக்கும். அங்கிருந்து 56 பைட் தள்ளி 53 இஎஃப் என்ற இரண்டு பைட் முத்திரை. இருந்தது. தலைப்பிலிருந்து 24 பைட் தள்ளி பிளாக் அளவைச் சொல்லும் எண். சாதாரண டிஸ்க்கில் அங்கே 02 இருக்கும். இதில் 06. 1024-ஐ ஆறு முறை இரட்டித்தால் 65536. எல்லாம் வைத்தபடியே இருந்தது.

விஷயம் இதுதான். கோப்பு முறை டிஸ்க்கைச் சம அளவுள்ள பிளாக்குகளாகப் பிரித்துக்கொள்ளும். நம் கணினிகளில் அது பெரும்பாலும் 4 கேபி. கெர்னல் நினைவகத்தையும் பக்கங்களாகப் பிரிக்கும். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. ஒரு பிளாக் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கணக்கில்தான் நான் வைத்திருந்த கெர்னலின் எக்ஸ்டி4 எழுதப்பட்டிருந்தது. இந்தப் பெட்டிக்குள் இருந்ததோ பவர்பிசி வகைச் சிப். அதில் 64 கேபி பக்கம் வைத்துக்கொள்ளலாம். பெரிய பெரிய கோப்புகளை வேகமாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்தவர்கள் 64 கேபி பக்கமும் 64 கேபி பிளாக்கும் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெளியே எடுத்தால்தான், படியை மட்டும் வைத்திருப்பவரிடம் மரக்காலால் அளக்கச் சொன்னதுபோல், சாதாரணக் கணினியில் நான் வைத்திருந்தது போன்ற கெர்னல் கை விரிக்கிறது. படங்கள் பத்திரமாக இருக்கும்போதே டிஸ்க் போய்விட்டது என்று எத்தனை பேர் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வழி எளிது. கெர்னலைக் கேட்காமல், கோப்பு முறையைத் தானே படிக்கத் தெரிந்த மென்பொருளைக் கேட்க வேண்டும். எக்ஸ்டி குடும்பத்துக்கான துணைக் கருவிகளோடு வரும் டிபக்எஃப்எஸ், அதே நூலகத்தை வைத்து எழுதப்பட்ட ஃபியூஸ்-எக்ஸ்டி2 இரண்டுக்கும் 64 கேபி பிளாக் புரியும். ஃபியூஸ்-எக்ஸ்டி2-ஐப் படிப்பதற்கு மட்டும் என்று நகலின் நான்காவது பார்ட்டிஷன்மேல் ஓட்டினேன். ஃபைல் மேனேஜரில் ஃபோல்டர்கள் வந்து நின்றன. 'அப்பா நெகட்டிவ்' என்பது முதல் வரிசையில் இருந்தது. அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, திரைக்கு முன்னால் வந்து, ஒன்றும் பேசாமல் நின்றார்.

எந்தப் படம் உடைந்தது?

இங்கே பலர் வேலையை முடித்துவிடுவார்கள். கோப்புகள் வந்துவிட்டன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிடுவார்கள். ஆனால் 1.3 எம்பி படிக்கவில்லையே, அந்த ஓட்டைகள் எந்தப் படங்களில் விழுந்தன? நகலில் அந்த இடங்கள் வெறும் பூஜ்யமாக இருக்கும். கோப்பின் அளவு சரியாக இருக்கும், பெயர் சரியாக இருக்கும், சின்னப் படமும் சரியாகத் தெரியலாம். ஆல்பம் அச்சுக்குப் போகும் அன்று திறந்தால்தான் மாலைக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

டிடிரெஸ்க்யூவில் இதற்கு ஓர் அழகான வசதி உண்டு. மேப் கோப்பைப் பார்த்து, படிக்க முடியாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் சொல்லை நிரப்பும். நான் 'படிக்கவில்லை' என்ற தமிழ்ச் சொல்லையே கொடுத்தேன். எந்தக் கேமராவும் ஒரு படத்துக்குள் அந்தச் சொல்லை எழுதியிருக்காது. பிறகு எல்லாக் கோப்புகளையும் 4 டிபி டிஸ்க்கின் மீதி இடத்துக்கு நகலெடுத்து (1.4 டிபி, 13 மணி நேரம் ஆனது), அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று தேடவிட்டேன். 37 கோப்புகள். ஓட்டைகளில் பெரும்பகுதி காலி இடத்திலும் பெட்டியின் லினக்ஸ் பகுதியிலும் விழுந்திருந்தது.

37-இல் 21 ரா கோப்புகள் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை), 16 ஜேபிஜி. ரா கோப்பு உடைந்தால் எல்லாம் போனது என்று அண்ணன் நினைத்தார். அப்படி இல்லை. கேமரா ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும், பின்திரையில் காட்டுவதற்காக ஒரு ஜேபிஜியையும் சேர்த்தே வைக்கும். பல மாடல்களில் அது முழு அளவிலேயே இருக்கும். எக்ஸிஃப்டூல் மூலம் அதைத் தனியாக உருவினோம். 19 படங்கள் பழுதில்லாமல் வந்தன. 16 ஜேபிஜியில் 7-க்கு அதே படத்தின் ரா இருந்தது. மீதி நின்றவை 9 ஜேபிஜியும் 2 ராவும், மொத்தம் 11.

அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்தோம். பெண்ணின் நெற்றிச்சுட்டி, கண் மை, மூக்குத்தியின் ஒளிகூடத் தெளிவாக இருந்தது. தோளில் மாலை தொடங்கும் இடத்தில் படம் ஒரு கோடாக வெட்டி, வலது பக்கம் நகர்ந்து, அதற்குக் கீழே நிறம் பச்சையாகத் திரிந்துபோயிருந்தது. ஜேபிஜியில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று எழுதப்படுகிறது. நடுவில் ஒரு 4 கேபி போனால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தவறான இடத்திலிருந்து கணக்குப் போடும்.

ஒரு ஃபோல்டர் மட்டும் வேறு மாதிரி. திறந்தால் காலி. ஆவணிக் கல்யாணம் மூன்றில் ஒன்று அது. ஓட்டை படங்களில் விழவில்லை, பெயர்ப் பட்டியலில் விழுந்திருந்தது. எக்ஸ்டி4-இல் ஒரு ஃபோல்டர் என்பது, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரும் அவற்றின் ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் தரவும் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) எண்ணும் எழுதிய ஒரு சீட்டு. கேமரா வைக்கும் பன்னிரண்டு எழுத்துப் பெயருக்கு 20 பைட் போதும். 412 படங்களுக்குச் சேர்த்தே 8 கேபி சொச்சம்தான். சரியாக அந்த இடத்தில் அடி.

படங்களும் ஐநோட்களும் பத்திரமாக இருந்தன, சீட்டுதான் இல்லை. இப்போதுதான் எஃப்எஸ்சிகே தேவைப்பட்டது. ஆனால் நகலிலும் அதை நேராக ஓட்டவில்லை. லினக்ஸின் டிவைஸ் மேப்பர் வசதி மூலம் நகலின் மேல் ஒரு மெல்லிய அடுக்கு போட்டேன். எழுதுவதெல்லாம் அந்த அடுக்கில் போகும், அடியில் இருப்பது மாறாது. அண்ணனிடம், நெகட்டிவ்மேல் கண்ணாடித்தாள் வைத்துத் திருத்துவது மாதிரி என்று சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். எஃப்எஸ்சிகே ஓடி, தாய் ஃபோல்டர் தெரியாத 412 கோப்புகளையும் 'லாஸ்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில், ஐநோட் எண்ணையே பெயராக வைத்துக் கொண்டுவந்து போட்டது. படம் எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இருப்பதால், அந்த வரிசையில் பெயர் வைத்துவிட்டோம். நலங்கு, ஊஞ்சல், மாங்கல்ய தாரணம் என்று முகூர்த்த வரிசையிலேயே வந்து நின்றன.

காணாமல் போன 43 ஃபோல்டர்கள்

முடிந்தது என்று நினைத்தபோது இன்னொரு சிக்கல். அண்ணன் எல்லா விசேஷங்களின் ஃபோல்டர் பெயரையும் ஓர் எக்செல் கோப்பில் எழுதி, அதைத் தன் மெயிலில் வைத்திருந்தார். அதை மீட்ட பட்டியலோடு ஒரு சின்ன நிரலால் ஒப்பிட்டேன். 43 ஃபோல்டர் இல்லை என்றது. அண்ணன் முகம் வாடிவிட்டது. ஆனால் இல்லை என்று நிரல் சொன்ன 'கோமதி கல்யாணம்' என் கண்ணெதிரே திரையில் இருந்தது.

இல்லை என்ற பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கோமதி, சௌந்தர்யா, கொலு, தோப்புத்தெரு. எல்லாவற்றிலும் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய். அப்போதுதான் பிடிபட்டது. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடுகள். அல்லது 'க', முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்றேதான். டிஸ்க்கில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஸ்டூடியோவில் பழைய மேக் ஒன்று இருந்தது. அதன் எச்எஃப்எஸ் ப்ளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அதிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் பெட்டிக்கு வந்தவை அப்படியே 9 பைட்டாக உட்கார்ந்துவிட்டன. எக்செல்லில் இருந்தது 6 பைட். இரண்டு பட்டியலையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி மறுபடி ஒப்பிட்டதும் 43-உம் வந்துவிட்டன. தமிழில் பெயர் வைக்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியை மறுபடி பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஸ்டூடியோவில் இரண்டு டிஸ்க் போடும் வேறு பெட்டி இருக்கிறது. அதுவும் போதாது. தெரியாமல் அழித்த படம் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகவே அழியும், மின்னல் அடித்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். எனவே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அந்தப் பொறுப்பு கேன்சல் அழுத்திய பையனிடம். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, நடுவில் உள்ள படங்களை முழு அளவில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பாத 11 படங்களும் நான்கு குடும்பங்களுடையவை. நான்கும் ஏற்கெனவே ஆல்பம் கொடுத்த பழைய கல்யாணங்கள். அண்ணன் நான்கு வீட்டுக்கும் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். தாராசுரத்தில் ஒரு வீட்டில் ஆல்பத்தைக் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினார்களாம். 11-இல் 8 படங்கள் அந்த ஆல்பங்களில் இருந்தன. ஒட்டிய தாளிலிருந்து கழற்றாமல், கண்ணாடி அழுத்தாமல், மேலிருந்து கேமராவால் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து, பழைய பெயரையே வைத்து அந்தந்த ஃபோல்டரில் போட்டுவிட்டார். நெற்றிச்சுட்டிப் பெண்ணின் படமும் அதில் ஒன்று.